கேலி முறை

"என் வண்டிய என் கண்ணு முன்னாலயே பிரிச்சுப் போட்டுட்டான் பாரு, திருட்டுப்பய பெத்த திருட்டுப்பய."

கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார் கிழவர் பாரே. வேப்பமரத்தடியில் பழைய மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டரை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்த நோவாகா தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"வாய்யா பெரிசு. இன்னிக்கு நாய்த்தலை எதுவும் கெடைக்கலியா, இங்க வந்துட்ட?"

"கெடைச்சுது. வால உனக்கு எடுத்து வெச்சிருக்கேன்."

அடுப்படியில் களி கிண்டிக்கொண்டிருந்த பெலாஜி சிரித்துவிட்டாள். வாகாதுகு நகரத்தில் இதற்கெல்லாம் யார் கோபப்படுகிறார்கள்? அவள் புருஷன் நோவாகா மோஸி இனம். பாரே சாமோ இனம். இரண்டு இனத்துக்கும் முப்பாட்டன் காலத்திலிருந்தே கேலி முறை. சாமோக்காரன் திருடன் என்பான், அடிமை என்பான். மோஸிக்காரன் நாய்தின்னி என்பான். யார் என்ன சொன்னாலும் சிரித்துவிட்டுப் போக வேண்டும். முகம் கோணவோ, கை நீட்டவோ, போலீசுக்குப் போகவோ கூடாது. போனால் குலத்துக்கே ஆகாது.

நோவாகாவின் அப்பா செத்த அன்று பாரே செய்த கூத்தை இன்னும் தெருவே சொல்லிச் சிரிக்கிறது. கோழி அடைந்துகிடந்த இந்த வண்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "என் வண்டியத் திருப்பிக் குடுக்காம திருடன் பொணம் வாசலத் தாண்டக்கூடாது" என்றார். ஒப்பாரி வைத்த பெண்களே சிரித்துவிட்டார்கள். கோலாக்கொட்டையும் ஒரு குடுவை தோலோக் கள்ளும் கொடுத்துத்தான் இறக்க வேண்டியிருந்தது.

நாளை சொந்த ஊரில் அப்பாவுக்குப் பெரிய கருமாதி. அந்தக் காலத்தில் அப்பா இந்த வண்டியில் போய் இறங்கினால் பாதி ஊர் பின்னால் ஓடிவரும். அதே வண்டியை ஓட்டிக்கொண்டு போவேன் என்று சித்தப்பாக்களிடம் வாக்குக் கொடுத்துவிட்டான் நோவாகா. ஓடவில்லையென்றால் மானம் போய்விடும். செத்தவன் வண்டியைக்கூடக் கிளப்பத் துப்பில்லாத பிள்ளை என்று கருமாதிச் சோறு தின்றுகொண்டே பேசுவார்கள்.

ஆனால் இந்த வண்டி அவனைப் போட்டுக் குழப்பியது. டேங்கை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கறுப்புக்குக் கீழே நீலம் வருகிறது. கடையிலிருந்து கறுப்பாகத்தான் வாங்கிவந்தேன் என்பார் அப்பா.

"ஏ பெலாஜி, இது எப்படி நீலமாச்சு?"

"கடைக்காரன் பழசுக்குப் பெயின்ட் அடிச்சு வித்திருப்பான். உங்கப்பா ஏமாந்திருப்பாரு."

"அதேதான். என் நீல வண்டி" என்றார் பாரே, களிச்சட்டியை எட்டிப் பார்த்தபடி.

இன்னொரு குழப்பமும் இருந்தது. அப்பாவுக்குச் சரியான வாய். ஊரிலுள்ள சாமோக்காரர்களையெல்லாம் ஓட ஓட விரட்டிக் கேலி செய்வார். பாரேயிடம் மட்டும் ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை. தலையைக் குனிந்துகொண்டு தோலோவை ஊற்றி நீட்டுவார். ஏன் என்று நோவாகாவுக்குப் புரிந்ததே இல்லை.

"வயசாயிடுச்சு, வாய் ஓஞ்சுபோச்சு" என்பாள் பெலாஜி. அப்பா வாலிபத்திலேயே அப்படித்தானே இருந்தார்?

சாயங்காலத்துக்குள் வண்டியைப் பூட்டி முடித்தான். புது பேட்டரி, புது பிளக், புது செயின். ஆனால் சாவி இல்லை. வாங்கிய அன்றே கிணற்றில் விழுந்துவிட்டது என்று அப்பா சொல்லியிருக்கிறார். சீட்டுக்கு அடியில் கையை விட்டு இரண்டு ஒயரைச் சேர்த்துத்தான் கிளப்புவார். உலகத்தில் எல்லா வண்டியும் அப்படித்தான் கிளம்பும் என்று நோவாகா சின்ன வயதில் நம்பியிருந்தான். அந்த ஒயர்களை எலி தின்றுவிட்டது. பூட்டுக்குப் போகும் ஒயர்கள் மட்டும் ஒழுங்காக இருந்தன. மிச்சமிருந்ததில் எதை எதோடு சேர்த்தாலும் புகைதான் வந்தது. இவ்வளவு பழைய வண்டிக்குப் புதுப் பூட்டு எந்தக் கடையிலும் இல்லை.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கண் கலங்கிவிட்டது.

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நாளைக்கு ஊருக்குள்ள போவேன்? எனக்கு ஒண்ணுமே புரியல."

பாரே அவன் பக்கத்தில் வந்து நின்றார்.

"கருமாதி முடிஞ்சதும் என் வண்டிய எங்கிட்டக் குடுத்துடறேன்னு சொல்லு."

"யோவ், இருக்கிற எரிச்சல்ல நீ வேற."

"சொல்லுடா."

அந்த நிலைமையிலும் நோவாகாவுக்குச் சிரிப்பு வந்தது.

"சரிய்யா. உன் வண்டிதான். எங்கப்பன் திருடன்தான். கருமாதி முடிஞ்சதும் நீயே எடுத்துக்க. போதுமா?"

பாரே சட்டைக்குள் கையை விட்டார். கழுத்துக் கயிற்றில் தாயத்துகளுக்கு நடுவே தொங்கிய ஒரு சின்னப் பித்தளைச் சாவியை வெளியே இழுத்தார். குனிந்து வண்டிப் பூட்டில் செருகித் திருப்பினார். முன்விளக்கின் மேல் பச்சை விளக்கு எரிந்தது.

"ம், உதை" என்றார். "இத்தன வருஷத்துல உங்க குடும்பத்துல ஒருத்தன் ஒத்துக்கிட்டது இப்பத்தான்."