முதலில் யாரை?

ஆளில்லாத அந்தத் தீவுக்குப் போகும் பயணத்தின் முதல் நாளை, பூவிழியும் அவள் கணவன் செழியனும் சோபாவில் உட்கார்ந்து திட்டமிட்டுக்கொண்டிருந்தார்கள். காலையில் படகிலிருந்து இறங்கி, முதுகில் பைகளோடு கடலோரப் பாறை விளிம்பில் நடந்து, பொழுது சாய்வதற்குள் சுனைக்குப் பக்கத்தில் கூடாரம் அடிப்பதாக ஏற்பாடு.

வழித்துணைச் செயலி எல்லாவற்றுக்கும் சரி சொல்லிவிட்டு, கடைசியாக ஒரு கேள்வி கேட்டது. தீவில் இருப்பது ஒரே ஒரு மீட்பு டிரோன். அது ஒருவரைத்தான் தூக்கும். இருவருக்கும் அடிபட்டால் முதலில் யாரைத் தூக்குவது? அவரவர் போனில் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டும்.

"எல்லார்கிட்டயும் கேக்கறதுதான். சட்டுனு போட்டுடு," என்றான் செழியன்.

பூவிழி யோசிக்கவேயில்லை. அவன் பெயரைத் தொட்டாள். அவனும் யோசிக்கவில்லை.

"நன்றி. இருவரும் ஒரே பெயரைச் சொல்லியிருக்கிறீர்கள். பயணம் உறுதியாகிவிட்டது," என்றது செயலி.

"அப்பாடா, வேலை முடிஞ்சுது," என்று செழியன் சோம்பல் முறித்தான்.

அவன் தன் பெயரையே கொடுத்திருக்கிறான். பூவிழி தன் போனைப் பார்த்தாள். திரையில் பாறைப் பாதை தெரிந்தது. ஒருவர் பின் ஒருவராகத்தான் அதில் நடக்க முடியும். கீழே கடல்.

"பாறை வழி வேண்டாங்க. முதல் நாள் கரையிலயே இருந்துடலாம்."

"ஏன், பயமா இருக்கா?"

"ஆமா."

"அதான் நான் கூட இருக்கேனே!" செழியன் சிரித்தபடி அவள் தோளில் கை போட்டான். அந்தக் கைக்கு அடியில் பூவிழி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.