பின்சீட்டு மூலை

கல்லூரி முடிந்த மறுநாளே ரீகனின் அப்பாவுடைய பழைய காரில் மூவரும் கடலோரமாகக் கிளம்பினோம். "நீ பின்னால உக்காருலே," என்று என்னை மூலைக்குத் தள்ளிவிட்டு, எழிலைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, மூன்று நாளும் ரீகனே ஓட்டினான். நான் எழிலை விரும்புவது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அவனிடம்தான் சொல்லியிருந்தேன். அதனால் அவள் அவனுக்கு முறுக்கு உடைத்துக் கொடுத்தபோதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது.

நான்காம் நாள் காலையில், தூக்கம் கண்ணைக் கட்டுவதாகச் சொல்லிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, என் மூலையில் போய்ச் சாய்ந்துகொண்டான். எங்கள் இருவருக்கும் ஒரே உயரம். சீட்டை நகர்த்தாமலே உட்கார்ந்து, பின்னால் வண்டி ஏதும் வருகிறதா என்று முன்னால் தொங்கிய கண்ணாடியைப் பார்த்தேன். அதில் சாலையே தெரியவில்லை. மூன்று நாளாக நான் உட்கார்ந்திருந்த மூலை மட்டும் தெரிந்தது. அங்கிருந்து ரீகன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதத் திருப்பி வச்சுக்கோலே," என்றான். பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். "ரோடு தெரியாது."

"கெளம்பலயா?" என்றாள் எழில்.

கண்ணாடிவரை போன கையை இறக்கிக்கொண்டேன். கழுத்தைத் திருப்பிப் பின்னால் சாலையைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தேன்.