ஸ்பிரிங் வைத்த சைக்கிள்

தார்ச்சாலை முடிந்து பள்ளம் ஆரம்பித்ததும் நானும் ஆரம்பித்தேன்.

"பாத்தியா லோகு, தூக்கிப் போடுதா? போடாது!"

பின்னால் கேரியரில் என் மனைவி லோகநாயகி. பதில் இல்லை. சொகுசாக உட்கார்ந்திருப்பவர்கள் பேச மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

முதுநகரில் அவளுக்குத் தையல் கடை. போகிற வழியில் குழாய் பதிக்கத் தோண்டிய சாலையைச் சரியாக மூடாமல் விட்டுவிட்டார்கள். போன மழைக்காலத்தில் அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. முதுகெலும்பில் ஜவ்வு விலகியிருக்கிறது, குலுங்கவே கூடாது, இன்னொரு தடவை விலகினால் ஆபரேஷன்தான் என்றார் டாக்டர். கடையை மூடிவிட வேண்டியதுதான் என்று அழுதாள்.

ஆட்டோவில் ஏறினால் இன்னும் மோசம். எனக்கோ இந்த வயதிலும் சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்ட வராது.

ஆகவே சிதம்பரம் போய் இதை வாங்கி வந்தேன். முன்னால் இரண்டு ஸ்பிரிங், சீட்டுக்குக் கீழே தடியாக ஒன்று. இந்த வண்டிக்குக் கேரியரே கிடையாது என்றார் கடைக்காரர். நான் விடுவேனா? வெல்டிங் பட்டறையில் கொடுத்து, பின்சக்கரத்தின் அச்சோடு சேர்த்து ஒன்றைப் பொருத்தினேன்.

சீட்டுக்குத்தானே மாமா ஸ்பிரிங்கு, கேரியருக்கு ஏது என்று அவள் தம்பி பாலகுமார் இழுத்தான். வயிற்றெரிச்சல் என்று விட்டுவிட்டேன்.

பள்ளம் தொடங்குகிற இடத்தில் வண்டி திடீரென்று லேசாகிவிடும். பின்னால் ஆள் இருப்பதே தெரியாது. அதுதான் ஸ்பிரிங்கின் மகிமை.

பள்ளம் முடிகிற இடத்தில் ரயில்வே கேட். சிதம்பரம் போகிற பாசஞ்சருக்காக எப்போதும் மூடியிருக்கும். ஒரு காலை ஊன்றி நின்று, பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஸ்பிரிங்கின் அருமையை விளக்குவேன். அவர்கள் எனக்குப் பின்னால் பார்த்துச் சிரிப்பார்கள். வண்டியைப் பார்த்து மயங்கிவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்வேன். கேட் திறக்கும் முன் வண்டி ஒரு ஆட்டம் ஆடும். ஸ்பிரிங் தன்னைச் சரிசெய்துகொள்கிறது என்று அதற்கும் விளக்கம் சொல்வேன்.

போன வாரம் அவள் இடுப்பு தேறிவிட்டது என்றார் டாக்டர். தினமும் நடக்கிறீர்களா என்று அவளைத்தான் கேட்டார். நான் முந்திக்கொண்டு சைக்கிளைப் பற்றிச் சொன்னேன். அவள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

இன்று கேட் திறந்திருந்தது.

பேசிக்கொண்டே தண்டவாளத்தைத் தாண்டினேன். பேசிக்கொண்டே கடை வாசலில் நிறுத்தினேன். இறங்கு என்றேன்.

யாரும் இறங்கவில்லை.

திரும்பினால், கேரியரில் அவள் உட்காரக் கட்டிய தலையணை மட்டும் இருந்தது.

எங்கேயோ விழுந்துவிட்டாள். இடுப்பு, ஆபரேஷன், மூடிய கடை எல்லாம் கண்முன் வந்தன. வந்த வழியே தலைதெறிக்க மிதித்தேன்.

கேட்டுக்கு அந்தப் பக்கம், பள்ளங்களுக்கு நடுவே, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் வேகமாக நடந்து வந்துகொண்டிருந்தாள். நன்றாகப் பழகிய நடை. எந்தக் கல்லில் கால் வைக்க வேண்டும் என்று பார்க்கக்கூட இல்லை.

என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னிக்குக் கேட்டு போடலியா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை நாளும் என் பெருமை குலையாமல் இருக்க இறங்கி நடந்து, நான் பார்ப்பதற்குள் ஏறிக்கொண்டிருக்கிறாளே! இறங்கி அவளோடு நடந்தேன்.

சும்மா சொல்லக் கூடாது. உருட்டிக்கொண்டு போக அருமையான சைக்கிள் அது.