சின்ன இடத்துப் புல்

மூன்று மாதமாக வண்ணாரப்பேட்டைக் கடையில் தூசி படிந்துகிடந்த புல்வெட்டும் ரோபோவைக் கேட்டு ஒரு அம்மா வந்ததும் விற்பனையாளன் பாரிக்கு உயிர் வந்தது.

"ரொம்பச் சின்ன எடம்ப்பா. சுத்திலும் நெருக்கடி. திரும்புமா?" என்றார் தேவகிருபை.

"ஒரு கட்டில் போடுற எடம் இருந்தா போதும்மா. சூப்பரா திரும்பும்."

"பக்கத்துல ஆள் நிக்கணுமா?"

"வேணாம். தானா வெட்டிகினு, தானா போய் சார்ஜ் ஏத்திக்கும்."

"இத்தன வருசமா நான்தான் குந்திப் புடுங்குனேன். இனிமே முடியாது."

"பசங்க இல்லையாம்மா?"

"ஒரே புள்ள. அங்கயேதான் இருக்கான்."

பாரிக்கு எரிச்சலாக வந்தது.

"பெத்த அம்மா புல்லு புடுங்கறத பாத்துகினு இருக்காரா? நல்ல புள்ளம்மா. சரி, வூட்டுல எந்த பிளக்குல மாட்டணும்னு அவராண்டயே போன்ல சொல்றேன். நம்பர் குடு."

"வூட்டுல இல்லப்பா. காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்துல இருக்கான். அங்க ஏது பிளக்கு?"

பாரி கையிலிருந்த போனைக் கீழே வைத்தான்.

"டாக்டர் எனக்குக் கைய விரிச்சிட்டாரு. நானும் போய்ட்டா அவன் மேல புல்லு மண்டிடுமேன்னுதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு, அவன் திறந்து வைத்திருந்த ரோபோவின் அட்டைப் பெட்டியை அவரே மூடினார்.