அண்ணன் போன விதம்

“செத்துப்போனவங்களப் பத்தி யார்கிட்ட கேப்பீங்க?” என்று தையல்கடைக்காரி ஒருமுறை அவளிடம் கேட்டாள்.

கூட இருந்தவர்களிடம் என்று அவள் பதில் சொன்னாள்.

சுகாதார மையத்தில் அவள் வேலை அதுதான். இதயம் பலவீனமானவர்கள் அந்த வட்டாரத்தில் எத்தனை பேர், யார் மருந்து சாப்பிடுகிறார்கள், யார் இன்னும் இருக்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்பாள். இல்லாமல் போனவர்கள் எப்படிப் போனார்கள் என்றும் கேட்பாள்.

இந்தத் தெரு அவளுக்குப் புதிது. இதுவரை வந்துகொண்டிருந்தவள் பிரசவ விடுப்பில் போய்விட்டாள்.

இந்த வீட்டில் கணவன், மனைவி இருவருக்குமே அந்த நோய். கணவர் காலமாகிவிட்டார் என்று அவருடைய தம்பி தொலைபேசியில் தகவல் சொல்லியிருந்தார்.

கதவைத் திறந்தவரும் அந்தத் தம்பிதான். தம்பிக்கே எழுபது வயது இருக்கும்.

“அண்ணி பின்னாடி துணி காயப் போடுறாங்க. பாவம், அவங்கள விட்ருங்க. நானே சொல்றேன்” என்று குரலைத் தாழ்த்தினார்.

அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

அண்ணன் மாத்திரையை ஒழுங்காகத்தான் சாப்பிட்டார். கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது. அதனால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினார்.

“உப்பக் குறைக்கச் சொன்னாங்க. குறைச்சாரு. பொண்டாட்டி பாக்குறப்ப மட்டும்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அது அடங்கும்வரை அவள் காத்திருந்தாள்.

கடைசி நாள் எப்படி இருந்தது என்று கேட்டாள்.

அதற்கு மட்டும் அவர் யோசிக்கவே இல்லை. மதியம் வயிறாரச் சாப்பிட்டார். நாற்காலியை விட்டுவிட்டுக் கட்டிலில் மல்லாந்து படுத்தார். ஜன்னல் வழியாகக் காற்று தாராளமாக வந்தது. கண் அசந்தார். அவ்வளவுதான். யாரும் அலறவில்லை, யாரும் தூக்கிக்கொண்டு ஓடவில்லை.

குடிபோக ஆசைப்பட்டுப் பார்த்துவைத்த வீட்டைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார்.

அவள் எழுதிக்கொண்டே இருந்தாள்.

“என்னங்க” என்று பின்பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. “மாத்திரை போட்டீங்களா இல்லையா?”

வீட்டில் வேறு ஆண்பிள்ளை யாரும் இல்லை.

பேனா நின்றது.

அவர் தலையைக் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். செருப்பு வார் சதைக்குள் புதைந்து கிடந்தது.

“இறந்துட்டதா எழுதினா மையத்துல மாத்திரைய நிறுத்திருவாங்கய்யா. மாத்திரை இல்லன்னா உடம்பு தாங்காது.”

“தெரியும்மா. நீங்க எழுதிக்கங்க.”

ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேள்வித்தாளில் அப்படி ஒரு கேள்வி கிடையாது. அவராகவேதான் சொன்னார்.

“கூட்டம் போட்டு டாக்டர் சொன்னாரே, அஞ்சு வருஷத்துல பாதிப் பேரு இருக்க மாட்டாங்கன்னு. எங்க வீட்டுல ரெண்டு பேரு. இது அஞ்சாவது வருஷம்.”

மூச்சு வாங்கிக்கொண்டார்.

“அந்தப் பாதி நான்னு எழுதிட்டீங்கன்னா, அவ பாட்டுக்கு இருப்பால்ல?”

அவருக்குப் பின்னால், உள்வாசலில் மனைவி நின்றிருந்தாள். ஒரு கையில் தண்ணீர், மறு கையில் மாத்திரை. எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. அவளுக்கும் மூச்சு வாங்கியது.

அருகில் வந்து மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் விழுங்கும்வரை நின்றாள். யாரும் கேட்காமலே அவர் வாயைத் திறந்து காட்டினார்.

வெறும் டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.