கையெழுத்துக்கு மேலே

"உன்னைப் பத்தி நான் என்னடா எழுதியிருக்கேன்?"

பேராசிரியர் விஸ்வநாத் இதைக் கேட்டு முடிப்பதற்குள் குரல் பாதியாக இறங்கிவிட்டது. இருபத்திரண்டு வருடம் இயற்பியல் நடத்திய மனிதர், தான் கொடுத்த கடிதத்தில் என்ன இருக்கிறது என்று மாணவனிடமே கேட்பதற்காக, மட்டாஞ்சேரியில் அவன் அத்தாவின் மிளகுக் கடை வரைக்கும் தேடி வந்திருக்கிறார். வெட்கம் பிடுங்கித் தின்னாமல் என்ன செய்யும்?

அல்தாஃப் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். "உக்காருங்க சார். அக்கா, சாருக்கு ஒரு சாயா."

கடை ஓரத்தில் பில் எழுதிக்கொண்டிருந்த பெண் எழுந்து நின்றாள். "சுகந்தானே சார்?" என்று கேட்டாள். விஸ்வநாத் யாருக்கும் ஆட்டுவதுபோல் தலையை ஆட்டிவைத்தார். அவள் உள்ளே போனாள்.

விஷயம் இதுதான். அல்தாஃப் டென்மார்க்கில் மேல்படிப்புக்கு விண்ணப்பித்திருந்தான். சிபாரிசுக் கடிதம் கேட்டு வந்தபோது, விஸ்வநாத் எப்போதும் சொல்வதைத்தான் சொன்னார்: "நீயே எழுதிண்டு வா, கையெழுத்துப் போட்டுத் தரேன்." அல்தாஃபை அவருக்கு நன்றாகத் தெரியும். வகுப்பில் புரொஜெக்டர் மக்கர் பண்ணினால் முதலில் ஓடி வருகிறவன். எழுதிக்கொண்டு வந்தான், படிக்காமலே போட்டார். எந்த வருடமும் எவர் கடிதத்தையும் அவர் படித்ததில்லை. கடல் தாண்டி இருப்பவர்களுக்கு என்ன தெரியப்போகிறது என்று, பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான்.

இன்று காலை அங்கிருந்து மின்னஞ்சல் வந்துவிட்டது. உதவித்தொகைக்குக் கடைசியாக நிற்கும் இரண்டு பேரில் அல்தாஃப் ஒருவன். கடிதத்தில் பேராசிரியர் சொல்லியிருக்கும் அந்தச் சம்பவத்தைப் படித்து நெகிழ்ந்துபோனார்களாம். நாளை மதியம் பத்து நிமிடம் வீடியோவில் அதைப் பற்றி அவர் வாயாலேயே கேட்க வேண்டுமாம்.

எந்தச் சம்பவம்? ஆத்துக்காரி நீலாம்பாள் கேட்டபோது, கடிதத்தைப் படிக்கவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். "படிக்காமயா போட்டேள்?" என்று அவள் பார்த்த பார்வை இன்னும் முதுகில் உறைத்தது.

"நாளைக்கு நான் திருதிருன்னு முழிச்சேன்னா உன் சீட்டு போயிடும், கேட்டோ? எங்கிட்ட ஒரு காப்பிகூட இல்லை. போன்ல இருக்குமே, படி."

அல்தாஃப் போனை எடுத்தான். ஆனால் படிக்கவில்லை. "நான் அனுப்பித் தர்றேன் சார். வீட்டுக்குப் போயி மெதுவா..."

"என் மானமே கப்பலேறியாச்சு. இனிமே என்னடா மெதுவா? படி."

அவன் தயங்கித் தயங்கிப் படித்தான். ஆங்கிலத்தில் இருந்தது. ஒருநாள் வகுப்பில் பேராசிரியர் பலகையில் போட்ட கணக்கு எப்படிப் போட்டும் விடைக்கு வரவில்லை; மீதியை வீட்டில் முடித்து வாருங்கள் என்று சொல்லிவிட்டு வெளியேறினார். அன்று சாயங்காலம் அவருடைய வருகைப் பதிவேட்டுக்குள் ஒரு துண்டுச் சீட்டு. 'மூன்றாவது வரியில் ஒரு மைனஸ் விட்டுப்போயிருக்கிறது.' பெயர் இல்லை.

விஸ்வநாத் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அது நடந்தது! எந்த வருடம் என்பது மறந்துவிட்டது, அந்த வெட்கம் மறக்கவில்லை. நாற்பது பிள்ளைகள் முன்னால் வேர்த்து விறுவிறுத்து நின்றதும், தப்பித்தால் போதும் என்று ஓடியதும் உண்மை. மறுநாள் தானே கண்டுபிடித்ததுபோல் அந்த மைனஸைப் போட்டுவிட்டு, "யாராவது கவனிச்சேளா?" என்று கூசாமல் கேட்டார். ஒரு கைகூட உயரவில்லை. எழுதிய கையும் உயரவில்லை. அன்று ராத்திரி நீலாம்பாளிடம், "யாரோ ஒரு குழந்தை என் மானத்தைக் காப்பாத்தித்து" என்று சொல்லிக் கண் கலங்கினார்.

"அந்தச் சீட்டை எழுதியது இந்த மாணவர்தான் என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது" என்று கடிதம் அவர் குரலிலேயே முடிந்தது.

விஸ்வநாத் எழுந்து அல்தாஃபின் இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டார். "அது நீயாடா? இத்தனை நாள் சொல்லவே இல்லையே! பத்து நிமிஷம் என்ன, நாளைக்கு ஒரு மணி நேரம் பேசறேன். ஒரு வார்த்தை பொய் சொல்ல வேண்டாம்!"

சாயாவோடு வந்த பெண் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். தம்பியின் கையிலிருந்த போனைப் பார்த்தாள். பிறகு சாயாவை மேஜையில் வைத்து, "சார் மனசு நெறைஞ்சு இருக்காரு. நீ ஒண்ணும் சொல்ல வேணாம்" என்று அவனிடம் மெல்லச் சொல்லிவிட்டு, பின்பக்கக் கிடங்குக்குப் போய்விட்டாள்.

அல்தாஃபுக்குத் தலை நிமிரவில்லை. "நான் இல்ல சார்."

"என்னது?"

"சீட்டு எழுதுனது சுல்ஃபத் அக்கா. எனக்கு நாலு வருஷம் முன்னாடி உங்க கிளாஸ்லதான் படிச்சா. வெளிநாட்டுல படிக்கப் போகணும்னு இந்த லெட்டரும் அவதான் அவளுக்காக எழுதினா. நான் பேரை மட்டும் மாத்திக் கொண்டுவந்தேன். தப்புத்தான் சார்."

விஸ்வநாத்தின் கைகள் அவன் தோளிலிருந்து நழுவின. "அப்போ அவ ஏண்டா போகலை?"

"கையெழுத்துக்கு உங்ககிட்டதான் சார் வந்தா. 'உன்னைப் பார்த்த ஞாபகமே இல்லையே, தெரியாதவாளுக்கெல்லாம் நான் போடறதில்லை'ன்னு சொல்லி, மடிச்ச லெட்டரைப் பிரிச்சுக்கூடப் பார்க்காம திருப்பிக் கொடுத்துட்டீங்க."