வேதாகமத்தில் ஒட்டிய பொட்டு

வேதாகமத்தின் உள்ளட்டையில் சிவப்பாக ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது.

சூடு பட்டவள் போலக் கையை உதறினாள் நிஷாந்தி. அன்றைக்கு ஆராதனையில் வசனம் வாசிக்கும் முறை அவளுடையது. அவசரத்தில் தன் வேதாகமத்தை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்தவள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த வினோதாவிடம் கேட்டாள். வினோதாவும் யோசிக்காமல் கொடுத்துவிட்டாள்.

இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தகரக் கூரை போட்ட சின்னச் சபை அது. முப்பது பேர் வந்தால் நிறைந்துவிடும். அங்கே பெண்கள் யாரும் பொட்டு வைப்பதில்லை. எழுதி வைத்த சட்டம் இல்லைதான். ஆனால் எழுதியதைவிடக் கெட்டியானது. அதற்குக் காவல், பெண்கள் ஐக்கியத் தலைவி நிஷாந்தி.

“இது என்னா வினோதா?”

வினோதாவின் முகம் வெளிறிப் போனது. “பொட்டுங்க சிஸ்டர்.”

“அது எனக்குத் தெரியாதா? வேதத்துக்குள்ள எதுக்கு?”

“வீட்டுல வச்சுக்குவேன். இங்க யாருக்கும் இடறலா இருக்கக் கூடாதுன்னு வாசல்லயே எடுத்துருவேன். தொலைஞ்சு போயிறக் கூடாதுன்னு இதுல ஒட்டி வைப்பேன்.”

“அப்ப சபைக்கு ஒரு நெத்தி, வீட்டுக்கு ஒரு நெத்தியா?”

பதில் வரும்வரை நிஷாந்தி காத்திருக்கவில்லை. வேதாகமத்தோடு நேராகப் பாஸ்டர் பிரதாப்பிடம் போனாள். அவருக்கு வயது இருபத்தெட்டு. நிஷாந்தி எதைச் சொன்னாலும் “சரிங்க சிஸ்டர்” என்று சொல்லிப் பழகியவர்.

“பாஸ்டர், இன்னைக்குத் திருவிருந்து. இவளுக்குக் குடுத்தா அது ஆண்டவருக்கே துரோகம்.”

“என்னா ஏதுன்னு விசாரிச்சிட்டு...”

“விசாரிக்க என்னா இருக்கு? இந்தா, சாட்சி கையில இருக்கு!”

அப்பத் தட்டு வரிசையாக வந்தது. வினோதாவைத் தாண்டிப் போனது. ஞானஸ்நானம் எடுத்த ஏழு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையைக் குனிந்தாள். பார்க்கவே பாவமாக இருந்தது. ஆனாலும் ஒருவரும் பேசவில்லை. நிஷாந்தியிடம் யார் வாங்கிக் கட்டிக்கொள்வது?

ஆராதனை முடிந்தும் நிஷாந்தி விடுவதாக இல்லை.

“வாங்க பாஸ்டர், அவ வீட்டுக்கே போவோம். அவ மாமியார் இன்னும் கோயில் கும்புடுறவங்க. அவங்களுக்குப் பயந்துதான் இந்தக் கூத்து. இன்னையோட இதுக்கு ஒரு முடிவு கட்டணும்.”

மூன்று பேரும் தோட்டத்தின் கீழ் டிவிஷனுக்கு இறங்கினார்கள். வரிசை வீடுகளான லயத்தில் தன் வீட்டு வாசலுக்கு வந்ததும் வினோதா நின்றாள்.

“சிஸ்டர், என் வேதாகமத்தக் குடுங்க. நான் மொதல்ல உள்ள போறேன்.”

“எதுக்கு? பொட்ட வச்சுக்கவா?”

“ஆமாங்க.”

“பாத்தீங்களா பாஸ்டர், என்னா தைரியம்!” வேதாகமத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள் நிஷாந்தி. “இப்படியே நட. நாங்களும் வர்றோம்.”

வேறு வழியில்லாமல் வினோதா உள்ளே போனாள்.

கட்டிலில் உட்கார்ந்திருந்த மாமியார் காளியாயி நிமிர்ந்து பார்த்தாள். மருமகளின் வெறும் நெற்றியைப் பார்த்தாள்.

“ஐயோ! எம் மகன் போயிட்டானா! எங்கிட்ட சொல்லாம மறைச்சிட்டீங்களே!”

படார் படாரென்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். பின்னால் வெள்ளை உடுப்பில் நின்ற இருவரைக் கண்டதும் அலறல் இரண்டு மடங்கானது. “எழவு கேக்க ஆளுங்க வேற வந்துட்டாங்களே!”

“இல்ல மாமி, ஒங்க மகன் கொழும்புல வேலையில இருக்காரு. காலையிலகூடப் பேசுனாரே!”

அது கிழவியின் காதில் ஏறவில்லை. தலையைச் சுவரில் மோதப் போனாள். வினோதா சுவருக்கும் தலைக்கும் நடுவே தன் கையைக் கொடுத்தாள். கொடுத்துக்கொண்டே திரும்பிச் சொன்னாள்:

“ரெண்டு வருஷமா மறதி வியாதிங்க சிஸ்டர். போன்ல மகன் பேசுனாலும் வேற யாரோங்குறாங்க. என் நெத்தியப் பாத்துத்தான் மகன் உசுரோட இருக்கான்னு நம்புறாங்க.”

“முன்னமே சொல்லியிருக்கலாமே?” என்றார் பாஸ்டர்.

“சொன்னா, பேய் புடிச்சிருக்குன்னு எல்லாரும் ஓட்ட வந்துருவாங்கன்னு பயந்தேன் பாஸ்டர்.”

அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது.

நிஷாந்தி வேதாகமத்தைத் திறந்தாள். பொட்டை நகத்தால் கிளப்பி எடுத்தாள். பழைய பொட்டு, பசை போயிருந்தது. வினோதாவின் நெற்றியில் வைத்து விரலால் அழுத்திப் பிடித்தாள்.

“இங்க பாருங்கம்மா, பொட்டு இருக்கு. நல்லாப் பாருங்க.”

காளியாயி கையை நீட்டி அதைத் தொட்டுப் பார்த்தாள். அழுகை மெல்ல அடங்கியது.

“இருக்கானா?”

“இருக்காரு மாமி.”

“தீவாளிக்கு வருவானா?”

“வருவாரு மாமி.”

அப்போதுதான் நிஷாந்திக்கு மூச்சு வந்தது. ஆனால் கிழவியின் பார்வை இப்போது அவள் பக்கம் திரும்பியது. அவள் நெற்றியிலேயே நின்றது. அந்தக் கண்கள் மறுபடியும் நிறைந்தன.

“ஒனக்கா ஆத்தா? இந்த வயசுலயா?”

முன்பின் தெரியாத நிஷாந்தியை இழுத்துக் கட்டிக்கொண்டு, அவளுக்காக ஒப்பாரி வைக்க ஆரம்பித்தாள் காளியாயி.

நிஷாந்தியின் புருஷன் குத்துக்கல்லாட்டம் உயிரோடு, சபையில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார். அதைச் சொன்னாலும் இந்தக் கிழவி நம்பப்போவதில்லை. பாஸ்டரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு கிழவியின் தோளில் சாய்ந்தபடியே மெதுவாகக் கேட்டாள்:

“வினோதா... இன்னொரு பொட்டு இருக்கா?”